முந்நூறு ரூபாய் மிக்ஸியும் மூன்று ஞாயிறும்

“இன்னும் இருக்கா?”

பழைய சாமானை இணையத்தில் விற்க முயன்ற எல்லோருக்கும் இந்த இரண்டு சொல் பரிச்சயம். ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் படத்துக்குக் கீழேயே இந்தக் கேள்வி தயாராக நிற்கிறது. வாங்க நினைப்பவர் எழுத்துக் கூட்டி அடிக்கக்கூட வேண்டாம். விரல் பட்டால் போதும். கேட்க ஒரு செலவும் இல்லை, அதனால் ஊரே கேட்கிறது. “இருக்கு” என்று பதில் போட்டதும் பாதிப் பேர் காணாமல் போகிறார்கள். மீதிப் பேர் “லாஸ்ட் எவ்ளோ ப்ரோ?” என்கிறார்கள். செலவெல்லாம் பதில் சொல்பவர் தலையில்.

அந்தச் செலவு எவ்வளவு? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தாம்பரத்தை அடுத்த ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்குப் புது மிக்ஸி வந்துவிட்டது. பழையது ஓடுகிறது, ஆனால் சட்னி ஜார் மூடியில் விரிசல். அறுநூறு ரூபாய் என்று விலை போட்டு ஏற்றுகிறார்கள். துடைத்து, வெளிச்சத்தில் வைத்துப் படமெடுத்து, விவரம் எழுத முக்கால் மணி நேரம். பத்துப் பேருக்குப் பதில் போட இன்னொரு முக்கால் மணி. “ஈவ்னிங் வரேன் சார்” என்று சொல்லிவிட்டு வராமல் போகும் இரண்டு பேருக்காக இரண்டு ஞாயிறு மாலை வெளியே போகாமல் வீட்டில் உட்கார்ந்தது ஒன்றரை மணி. மூன்றாவது ஞாயிறு ஒருவர் நிஜமாகவே வருகிறார். ஓட்டிப் பார்க்கிறார், முகர்ந்து பார்க்கிறார், மூடியின் விரிசலைக் காட்டிப் பாதியாகக் கேட்கிறார். அரை மணி. கைக்கு வந்தது முந்நூறு ரூபாய். மூன்றரை மணி நேரத்துக்கு முந்நூறு என்றால் மணிக்கு எண்பத்தைந்து ரூபாய்.

இது லாபமா நட்டமா என்பது எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. ஊரக வேலை உறுதித் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2025-26இல் நிர்ணயித்த நாள் கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 42. அந்த அளவுகோலில் மிக்ஸி விற்பது இரட்டைக் கூலி வேலை. மாதம் அறுபதாயிரம் சம்பளம் வாங்கி இருநூறு மணி நேரம் உழைக்கும் சோழிங்கநல்லூர் மென்பொருள் ஊழியரின் அளவுகோலில் மணிக்கு 300. அவர் விற்கவே கூடாது, வாசலில் வைத்துவிட்டுப் போய்விட வேண்டும். அலுவலக உணவு மேசைகளில் இந்த இரண்டாவது கணக்கைத்தான் அடிக்கடி கேட்கிறோம். “என் டைமுக்கு இது வொர்த்தே இல்ல.”

அந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஞாயிறு மாலை அவருக்கு மணிக்கு முந்நூறு கொடுக்க யாரும் காத்திருக்கவில்லை. மாதச் சம்பளக்காரரின் கூடுதல் ஒரு மணி நேரத்துக்குச் சந்தையில் விலையே கிடையாது. கேரி பெக்கர் 1965இல் நேரப் பங்கீடு பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, வீட்டுக்குள் செலவாகும் நேரத்தையும் பொருளியல் கணக்கில் கொண்டுவந்தது. சமைப்பதும் துணி காய வைப்பதும் காத்திருப்பதும்கூட ஒரு விதத்தில் உற்பத்திதான் என்பது அதன் சாரம். எனவே மிக்ஸி போட்டி போடுவது சம்பளத்தோடு அல்ல. பிள்ளையைப் பூங்காவுக்கு அழைத்துப் போவதோடு, பகல் தூக்கத்தோடு, மாமியார் வீட்டுக்குப் போய்வருவதோடு. அதற்கு என்ன விலை என்று ஒவ்வொரு வீடும் தனியாகத்தான் முடிவு செய்கிறது.

அதைவிட முக்கியம், அந்த மூன்றரை மணி நேரம் யாருடையது என்பது. செயலியில் கணக்கு கணவர் பெயரில் இருக்கலாம். ஜாரைத் தேய்த்துக் கழுவியது யார்? மூன்றாவது ஞாயிறு அழைப்பு மணி அடித்ததும் கதவைத் திறந்து, முன்பின் தெரியாத ஆளை நடையில் நிற்க வைத்து, ஸ்விட்ச் போட்டுக் காட்டியது யார்? “என் டைமுக்கு வொர்த் இல்ல” என்று சொல்பவரும், “சும்மா கிடக்கிறதுக்கு முந்நூறு வந்துச்சே” என்று சொல்பவரும், பல வீடுகளில், அந்த நேரத்தைச் செலவழித்தவராக இருப்பதில்லை.

இனி செலவின் தன்மைக்கு வருவோம். ரொனால்ட் கோஸ் 1937இல் ஒரு எளிய கேள்வி கேட்டார். சந்தைதான் எல்லாவற்றையும் ஒழுங்காகப் பங்கிடுகிறது என்றால் நிறுவனங்கள் எதற்கு? சந்தையைப் பயன்படுத்துவதற்கே ஒரு செலவு உண்டு என்பது அவர் கண்ட விடை. ஆளைத் தேடுவது, பேரம் பேசி முடிப்பது, பேசியபடி நடக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் அதில் சேரும். இந்தச் செலவு பொருளின் விலையோடு சேர்ந்து சுருங்குவதில்லை. முந்நூறு ரூபாய் மிக்ஸிக்கும் முப்பதாயிரம் ரூபாய் ஸ்கூட்டருக்கும் ஏறக்குறைய அதே படம், அதே “இன்னும் இருக்கா?”, அதே ஞாயிறு. ஸ்கூட்டரில் அது உப்பு அளவு. மிக்ஸியில் அதுவே சோறு, அதுவே குழம்பு.

வாங்க வருபவருக்கும் இதே கதைதான். கூடுவாஞ்சேரியிலிருந்து ராஜகீழ்ப்பாக்கத்துக்குப் பைக்கில் போய்வர முப்பத்தைந்து கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் ஓடும் வண்டியில், பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயை ஒட்டி விற்கும்போது, எழுபது ரூபாய் எரிபொருளுக்கே. முந்நூறில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. மரக்கட்டில், பீரோ என்றால் நிலைமை இன்னும் மோசம். குட்டி யானை வண்டி வாடகை, ஏற்றி இறக்க இரண்டு ஆள், மாடிப்படி. கட்டில் இலவசம் என்று சொன்னாலும் எடுத்துப் போக ஆள் வராத நிலை இதனால்தான் வருகிறது.

தாம்பரத்தில் தூரம் கிலோமீட்டரில் மட்டும் இல்லை. ரயில் பாதை ஊரைக் கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிளக்கிறது. மேற்கே முடிச்சூர் சாலையில் இருப்பவருக்குக் கிழக்கே சேலையூர் கேம்ப் ரோடு வரைபடத்தில் பக்கம்தான். மாலை ஆறரைக்கு ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்து போய்ப் பார்த்தால் தெரியும். (வரியைச் சொல்லவில்லை. சென்னையிலிருந்து தெற்கே போகும் அந்தப் பெருஞ்சாலைக்கு இந்த மூன்றெழுத்துப் பெயர் அந்த வரி பிறப்பதற்கு வெகு காலம் முன்பே வந்தது.) 2021 நவம்பரில் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் எல்லாம் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆனது. செயலியின் கண்ணுக்கு இது ஒரே ஊர். அனகாபுத்தூரில் இருந்து மாடம்பாக்கத்துக்கு இருநூறு ரூபாய் டேபிள் ஃபேன் வாங்கப் போகிறவரின் கண்ணுக்கு அப்படி இல்லை.

ஆனால் இதே ரயில் பாதைதான் சில பொருள்களுக்கு வழியும் திறந்துவிடுகிறது. கடற்கரை–தாம்பரம் தடத்தில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931இல். கிண்டிக்கோ மாம்பலத்துக்கோ தினமும் சீசன் டிக்கெட்டில் போகிறவருக்குக் கூடுதலாக ஒரு பொருளைத் தூக்கிப் போகும் செலவு பூஜ்ஜியம். கால்குலேட்டர், ஹெட்போன், நுழைவுத் தேர்வுப் புத்தகம், பிள்ளைக்குச் சின்னதாகிப் போன ஷூ எல்லாம் பைக்குள் அடங்கும். “கிரோம்பேட்டை டிக்கெட் கவுன்டர் பக்கத்துல நில்லுங்க, ப்ளூ சட்டை” என்று ஒரு செய்தி. இரண்டு நிமிடம். வீட்டு முகவரியைச் சொல்ல வேண்டாம், கதவு திறக்க வேண்டாம், கூட்டத்தின் நடுவே இருப்பதால் பயமும் குறைவு. மலிவுப் பொருளை இணையத்தில் விற்பது இந்தப் பகுதியில் எங்கே கட்டுப்படியாகிறது என்று என்னைக் கேட்டால், பைக்குள் அடங்கும், ரயில் பாதையோரம் இருக்கும், போகிற போக்கில் கை மாறும் பொருளுக்கு என்பேன். மிக்ஸி அதில் சேராது. நடைமேடையில் அதை ஓட்டிக் காட்ட முடியாது.

ஓட்டிக் காட்டுவது என்பது சின்ன விஷயம் அல்ல. ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970இல் எழுதிய பழைய கார் சந்தை பற்றிய கட்டுரைக்கும், அதைத் தொடர்ந்த ஆய்வுகளுக்குமாக, 2001இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அவர் சொன்னது இது. பொருளின் கோளாறு விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லாப் பொருளிலும் கோளாறு இருப்பதாக எண்ணியே விலை கேட்பார். அந்த விலைக்கு நல்ல பொருள் வைத்திருப்பவர் விற்க மாட்டார். நல்லது ஒதுங்க, கெட்டது நிற்க, சந்தை மெலிந்துபோகும்.

தென் சென்னைப் புறநகரில் இந்தக் கோட்பாட்டுக்கு ஒரு தேதி உண்டு. 2015 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கிய இருபத்துநான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளின் தரைத்தளம் மூழ்கியது. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், பைக் எல்லாம் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. காய்ந்த பிறகு வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கம்ப்ரசரும் மோட்டாரும் வயரிங்கும் எப்போது கைவிரிக்கும் என்று யாருக்கும் தெரியாது. இன்றும் இந்தப் பக்கத்திலிருந்து பழைய ஃபிரிட்ஜோ வண்டியோ விலைக்கு வந்தால் “தண்ணி புகுந்த பொருளா?” என்ற கேள்வி வருகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு அந்தக் கேள்விக்குப் புது உயிர் வந்தது. இரண்டாவது மாடியில் இருந்தவரின் ஃபிரிட்ஜுக்கும் தண்ணீரில் மிதந்த ஃபிரிட்ஜின் விலைதான் கேட்கிறார்கள். “சார் நாங்க செகண்ட் ஃப்ளோர்” என்று விளம்பரத்திலேயே எழுதிவிடுவது ஒரு வழி. நம்புவது அவர் இஷ்டம்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு கோணல் இருக்கிறது. தானியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1990இல் வெளியிட்ட ஆய்வில், காப்பிக் கோப்பையைக் கையில் வைத்திருந்தவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, கோப்பை இல்லாதவர்கள் தரத் தயாராக இருந்ததைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. அவர்களுக்குக் கோப்பை கிடைத்துச் சற்று நேரம்தான் ஆகியிருந்தது. நம்முடையது கல்யாணத்துக்கு வந்த கிரைண்டர். “அப்பவே நாலாயிரம் கொடுத்து வாங்கினது” என்ற வாக்கியம் விலையில் ஐந்நூறு ரூபாயையாவது ஏற்றிவிடுகிறது. வந்தவருக்கு அந்த நாலாயிரம் ஒரு தகவலே அல்ல. அவர் நினைப்பில் இருப்பது புது கிரைண்டரின் தள்ளுபடி விலை.

மோசடியையும் செலவில்தான் சேர்க்க வேண்டும். பொருளைப் பார்க்காமலே, பேரம் பேசாமலே, கேட்ட விலைக்கு ஒப்புக்கொள்ளும் வாடிக்கையாளர் வந்தால் சந்தோஷப்படக் கூடாது. தான் ராணுவத்தில் இருப்பதாகவும் மாற்றலாகிப் போவதாகவும் சொல்வார், அடையாள அட்டையின் படம் அனுப்புவார், பணம் அனுப்ப ஒரு கியூஆர் குறியீடு அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்வார். ஸ்கேன் செய்து பின் எண்ணை அடித்தால் பணம் போவது நம் கணக்கிலிருந்து. நாடு முழுக்க நடந்த, நடக்கும் ஏமாற்று இது. விமானப்படைத் தளம் இருக்கும் தாம்பரத்திலும், கன்டோன்மென்ட் இருக்கும் பல்லாவரத்திலும் ராணுவக்காரர் மாற்றலாவது அன்றாடச் செய்தி என்பதால் கதை இன்னும் எளிதாக ஒட்டிக்கொள்ளும். பணம் பெறுவதற்கு யூபிஐயில் பின் எண் தேவையே இல்லை. தனிநபர்கள் ஒருவருக்கொருவர் பணம் கோரும் வசதியை 2025 அக்டோபர் முதல் தேசியக் கொடுப்பனவுக் கழகம் நிறுத்திவிட்டது. குறியீட்டு ஏமாற்று அதனால் நின்றுவிடவில்லை. சிக்கியவர் உடனே அழைக்க வேண்டிய எண் 1930. முந்நூறு ரூபாய்க்காக ஐயாயிரம் இழக்கும் சாத்தியம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும், முந்நூறுக்கு முன்னால் அது பெரிதுதான்.

வரியைப் பற்றி மட்டும் கவலை வேண்டாம். வீட்டு உபயோகத் தட்டுமுட்டுச் சாமான்களை வருமான வரிச் சட்டம் மூலதனச் சொத்தாகவே எண்ணுவதில்லை. நகை, ஓவியம் போன்றவற்றின் கதை வேறு. தொழிலாகச் செய்யாமல் வீட்டுப் பொருளை விற்பவருக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. (இது வரி.)

விற்பவருக்குக் கட்டுப்படியாகிறதா என்று கேட்டோம். விற்க இடம் கொடுத்த நிறுவனங்களுக்கு? பாஸீ டாட் காம் 2000இல் தொடங்கியது. 2004இல் ஈபே அதை வாங்கியது. 2018இல் ஈபே இந்தியத் தளமே மூடப்பட்டது. குவிக்கர், ஈபே குழுமத்தின் கிஜிஜி இந்தியத் தளமாகப் பிறந்து 2008இல் தனிப் பெயர் பெற்றது. பின்னாளில் வீடு, கார், வேலை என்று பெரிய தொகை புழங்கும் துறைகளாகப் பிரிந்தது. ஓஎல்எக்ஸ் தன் விளம்பரங்களால் “விற்றுவிடு” என்பதையே நாடறிந்த வாசகமாக்கியது. 2023இல் அதன் இந்தியத் தொழிலை 537 கோடி ரூபாய்க்கு வாங்கியது கார்ட்ரேட் டெக். பெயரே சொல்கிறது, வாகன வியாபாரத்தை மையமாகக் கொண்ட நிறுவனம். முந்நூறு ரூபாய் மிக்ஸியில் தரகு எடுத்தால் எவ்வளவு எடுக்க முடியும்? காரில் எடுக்கலாம். பல கோடி முதலீட்டைக் கரைத்த பிறகு அந்த நிறுவனங்கள் வந்து சேர்ந்த விடையும், ராஜகீழ்ப்பாக்கத்துக் குடும்பம் மூன்றாவது ஞாயிறு வந்து சேரும் விடையும் ஒன்றுதான்.

மலிவுப் பொருள் உலகில் எங்குமே இணையத்தில் விற்பதில்லை என்று இதற்குப் பொருள் அல்ல. லிதுவேனியாவில் 2008இல் தொடங்கிய வின்டட், ஐரோப்பா முழுக்கப் பழைய துணி விற்கிறது. விற்பவரிடம் கட்டணம் வாங்குவதில்லை. வாங்குபவர் பாதுகாப்புக் கட்டணம் தருகிறார். தெருமுனையில் இருக்கும் பார்சல் பெட்டியில் போட்டுவிட்டு வந்துவிடலாம். ஜப்பானில் 2013இல் வந்த மெர்காரி பத்து சதவீதம் தரகு எடுக்கிறது. முனைக்கடையிலேயே பார்சலை ஒப்படைக்கலாம். இரண்டிலும் ஆளுக்கு ஆள் சந்திக்க வேண்டியதில்லை. பணம் நடுவில் நிற்கிறது, பொருள் சரியென்றால் நகர்கிறது. நம்மிடம் இல்லாதது நடுவே நிற்கும் அந்த ஏற்பாடு. மக்கள் பழையதை வாங்கத் தயங்குகிறார்கள் என்று இங்கே அடிக்கடி ஒரு பண்பாட்டு விளக்கம் சொல்லப்படுகிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மலிவான, நம்பகமான பார்சல் இல்லாததைப் பண்பாட்டின் மேல் போடுகிறோம்.

புத்தகம் ஒரு நல்ல சோதனை. அஞ்சல் துறை 2025 மே 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஞான் போஸ்ட் திட்டத்தில், கல்வி, சமூகம், பண்பாடு, சமயம் சார்ந்த அச்சு நூல்களை 300 கிராம் வரை 20 ரூபாய்க்கும் 5 கிலோ வரை 100 ரூபாய்க்கும் அனுப்பலாம், வரி தனி. வணிகத் தன்மையுள்ள வெளியீடுகளுக்கு அது இல்லை. அந்த விதிக்குள் அடங்கும் பழைய தமிழ் நூல் ஒன்று நூறு ரூபாய்க்குத் தாம்பரத்திலிருந்து தென்காசிக்குப் போக முடியும். புத்தகத்துக்கு ஓட்டிக் காட்டும் தேவையும் இல்லை. பக்கங்களின் படம் போதும். பழைய சாமான்களில் அஞ்சலைத் தாங்கும் ஒரே மலிவுப் பொருள் புத்தகமாகத்தான் இருக்கும்.

சரி, முந்நூறு ரூபாய் மிக்ஸிகள் இந்தப் பகுதியில் கை மாறுவதே இல்லையா? ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாறுகின்றன, பல்லாவரத்தில்.

பல்லாவரம் பழைய டிரங்க் ரோட்டில் கூடும் வெள்ளிச் சந்தை, பிரிட்டிஷார் காலத்தில் மாட்டுச் சந்தையாகத் தொடங்கியது. மாடு போய் எல்லாம் வந்துவிட்டது. புறா, ரோஜாச் செடி, கருவாடு, பழைய நாணயம், ரிமோட், திருகாணிப் பெட்டி, ஒற்றைக் கண்ணாடி போன பீரோ, கீபோர்டு, கழற்றிய கதவு, குக்கர் மூடி மட்டும். (பழைய பொருளுக்குப் பல்லாவரம் உலகப் புகழ் பெற்றது இந்தச் சந்தையால் அல்ல. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் இங்கேதான் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வே அதிலிருந்து தொடங்குகிறது. கை மாறி வந்த பொருளில் அதைவிடப் பழையது கிடைக்காது.) நகரின் இன்னொரு பெரிய பழம்பொருள் சந்தையான மூர் மார்க்கெட் 1985 மே 30 அன்று எரிந்துபோனது. அந்தக் கட்டடத்தோடு ஒரு பண்பாடும் போனதாக வருத்தப்படுகிறோம். பல்லாவரத்துக்கு எரிவதற்குக் கட்டடமே இல்லை. தார்ப்பாய்தான். அதனால் நிற்கிறது.

இங்கே மிக்ஸி ஏன் விற்கிறது? தார்ப்பாய் விரித்தவர் முன்னால் மிக்ஸி மட்டும் இல்லை, ஐம்பது அறுபது உருப்படி இருக்கின்றன. வந்து போகும் செலவு, நாள் முழுக்க உட்கார்ந்த செலவு எல்லாம் அறுபதால் வகுபடுகிறது. தேடுவதற்கு ஆள் தேவையில்லை. மக்கள் எதையாவது வாங்கும் எண்ணத்தோடுதான் வருகிறார்கள். வருவதாகச் சொல்லிவிட்டு வராதவர் என்ற ஒருவரே இங்கே கிடையாது. பேரம் முகத்துக்கு முகம், இரண்டு நிமிடம். “எவ்ளோண்ணா?” “நானூறு.” “இருநூறு.” “எடுத்துட்டுப் போ, முன்னூறு.” வாங்குபவர் கையிலும் மிக்ஸியோடு சேர்த்து ஒரு ரோஜாச் செடி, கால் கிலோ நெத்திலிக் கருவாடு. அவருடைய பயணச் செலவும் வகுபட்டுவிட்டது.

மொராக்கோவின் செஃப்ரூ நகரச் சந்தையை ஆராய்ந்த மானுடவியலாளர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ் 1978இல் எழுதியது இங்கேயும் பொருந்துகிறது. சந்தையில் அரிதாகவும் மதிப்புள்ளதாகவும் இருப்பது தகவல்; நெடுநேரப் பேரமும் நிரந்தர வாடிக்கையும் அந்தத் தகவலைத் தோண்டும் கருவிகள். அடுத்த வெள்ளியும் அதே இடத்தில் உட்காரப் போகிறவர், ஓடாத மோட்டாரை ஓடும் என்று சொல்வதற்குச் சற்று யோசிப்பார். இணையத்தில் விற்கும் குடும்பம் வாழ்நாளில் ஒரு மிக்ஸிதான் விற்கும். அதற்குப் பெயர் கெட்டால் என்ன?

சந்தைக்கு முந்தைய கண்ணி தெருவில் இருக்கிறது. பழைய இரும்புச் சாமானுக்குப் பேரீச்சம்பழம் தந்தவர் இன்று அபூர்வம். “இதைப் பேரீச்சம்பழத்துக்குத்தான் போடணும்” என்று ஓட்டை வண்டியைக் கேலி செய்யும் பேச்சில் மட்டும் அவர் வாழ்கிறார். பழைய புடவைக்கு எவர்சில்வர் பாத்திரம் தந்த அம்மாக்களும் குறைந்துவிட்டார்கள். ஆனால் பழைய பேப்பர் கடை ஒவ்வொரு நகரிலும் இருக்கிறது, காயலான் கடையும். இவர்களின் கண்டுபிடிப்பு தராசு. பொருளை எடையாக மாற்றியதும் பேசுவதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. பிராண்டு என்ன, எந்த வருஷம், மூடியில் விரிசலா, நாலாயிரத்துக்கு வாங்கியதா, எதுவும் வேண்டாம். கிலோ இவ்வளவு. நான்கு நிமிடத்தில் வேலை முடிந்தது. நமக்குக் குறைவாகத்தான் தருகிறார். தராசிலும் கை இருக்கும் என்பது ஊரறிந்தது. ஆனால் அந்தக் குறைவைத் தரகர் கொள்ளை என்று மட்டும் பார்ப்பது சரியல்ல. மூன்று ஞாயிறின் வேலையை அவர் எடுத்துக்கொள்கிறார், அதற்கான கூலி அது. பிரித்துப் பார்த்து, ஓடுவதை ஓடுவதோடு சேர்த்து, ஓடாததைச் செம்பாகவும் பிளாஸ்டிக்காகவும் உடைத்து, அடுத்த கைக்கு அனுப்புகிறார். இடைத்தரகர் இல்லாத சந்தை என்று இணையம் சொன்ன வாக்குறுதியின் உள்ளர்த்தம், இடைத்தரகரின் வேலையை நீங்களே செய்யுங்கள் என்பதுதான்.

செல்போனை மட்டும் இப்படிக் கொடுக்க வேண்டாம், வாங்கவும் வேண்டாம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவு பாயும். ஐஎம்இஐ எண்ணைச் சரிபார்க்க சஞ்சார் சாதி தளம் இருக்கிறது. கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல, “பில் இருக்கா?”

இணையத்துக்கும் சந்தைக்கும் நடுவே ஒன்று வளர்ந்திருக்கிறது. பெருங்களத்தூர், மேடவாக்கம், பெரும்பாக்கம் பக்கத்து அடுக்ககங்களின் வாட்ஸ்அப் குழுக்கள். “பி பிளாக் 504, பேபி காட், 800.” ஐந்தாவது நிமிடம் “நான் எடுத்துக்கறேன்” என்று டி பிளாக்கிலிருந்து பதில். லிஃப்டில் இறங்கி எடுத்துப் போகிறார்கள். இங்கே தூரம் இல்லை, போலி ராணுவக்காரர் இல்லை, கோளாறு இருந்தால் மறுநாள் நீச்சல்குளத்தருகே முகத்தைப் பார்க்க வேண்டும். கோஸ் சொன்ன செலவுகள் ஏறக்குறைய எல்லாமே சுவருக்கு வெளியே நின்றுவிடுகின்றன. மிஞ்சுவது கூச்சம். பக்கத்து வீட்டாரிடம் முந்நூறு ரூபாய் கேட்பது எப்படி? அதனால் ஆயிரத்துக்குக் கீழே உள்ளவை பெரும்பாலும் “ஃப்ரீ, வந்து எடுத்துக்கோங்க” ஆகிவிடுகின்றன, அல்லது வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் போகின்றன. அது தானமாகச் சொல்லப்படுகிறது. பொங்கல் நேரத்தில் கொடுக்க வேண்டிய பணத்துக்கு ஈடாகப் போகும்போது அது தானம் அல்ல, சம்பளத்தில் ஒரு பகுதியைப் பழைய சாமானாகக் கொடுப்பது.

எதுவும் செய்யாமல் விடுவதும் ஒரு முடிவுதான். நம் வீடுகளில் அதற்குப் பரண் என்று பெயர். பரணும் நிரம்பினால் போகி. 2018 போகியன்று எரித்த புகையும் பனியும் சேர்ந்து மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் திரும்பின. குப்பை வண்டியில் ஏறினால் குப்பைக் கிடங்கு. சென்னை மாநகராட்சியின் பெருங்குடிக் கிடங்கு இருப்பது 2022இல் ராம்சர் தகுதி பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில். மின்கழிவு விதிகள் 2022, உற்பத்தியாளர் மீது பொறுப்பைச் சுமத்துகின்றன. ராஜகீழ்ப்பாக்கத்து மிக்ஸியைத் தேடி எந்த உற்பத்தியாளரும் வரப்போவதில்லை. மூன்று சக்கர வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு பழைய பேப்பர்காரர்தான் வருவார்.

அந்த மிக்ஸியின் இன்னொரு வழியையும் நினைத்துப் பார்க்கலாம். முதல் ஞாயிறே பேப்பர் கடைக்குப் போகிறது. தராசில் ஏறி இறங்குகிறது, வீட்டுக்காரருக்கு எண்பதோ நூறோ கிடைக்கிறது. கடைக்காரர் ஓட்டிப் பார்க்கிறார்; ஓடுகிறது; தனியாக எடுத்து வைக்கிறார். வியாழன் இரவு அது ஒரு சாக்குக்குள் பல்லாவரம் போகிறது. வெள்ளி காலை தார்ப்பாயில், வேறு ஏதோ மிக்ஸியிலிருந்து வந்த விரிசல் இல்லாத மூடியோடு உட்கார்ந்திருக்கிறது. பம்மலில் புதிதாக வாடகைக்கு வந்த ஒருவர் குனிந்து ஜாரைத் தூக்கி, பிளேடைச் சுண்டிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்.

“ஓட்டிக் காட்டுங்கண்ணா.”

பக்கத்துக் கடையிலிருந்து ஒயர் வருகிறது.